தறிக்குழி இல்லாத வரைபடம்

கால் வைக்க இடமில்லாமல் யாராவது வீடு கட்டுவார்களா, சொல்லுங்கள்?

நெசவுக்காரி தேவாத்தாளும் என்ஜினீயரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். தறியின் மேல் நாடா கண்செருகிக் கிடந்தது. வயிற்றில் நூலைச் சுமந்துகொண்டு, பாவு இழைகளுக்கு நடுவே இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடுவதுதான் அதன் பிழைப்பு. பக்கத்திலேயே, புதிதாக வரப்போகும் நெசவுக்கூடத்தின் வரைபடம் விரிந்து கிடந்தது.

"என் தரை குளத்துத் தண்ணி மாதிரி பளபளக்கும். சாயங்கால வெயில் வந்து அதில் படுத்துக்கும்" என்றது வரைபடம்.

கேட்கக் கேட்க, நாடா அந்த வெயிலில் மிதந்தே போனது. பாதிக் கனவில் திடுக்கென்று விழித்தது.

"அக்கா, தறிக்குழி எங்கே?"

"பளிங்குத் தரையில் பள்ளமா? நல்லா கேட்டே போ."

"குழிக்குள்ளே காலை விட்டு மிதிச்சால்தானே இழை விலகும், நான் ஓட முடியும்?"

"நீ எதுக்கு ஓடணும்? வர்றவங்க பார்க்கிறதுக்கு உனக்கொரு கண்ணாடிப் பெட்டி வரைஞ்சிருக்கே."

நாடா தறியிலிருந்து நழுவி வரைபடத்தின் மேல் ஏறியது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த பென்சிலை அது மெல்ல இடித்தது.

"பென்சிலண்ணே, அவங்க கைகழுவிட்டு வர்றதுக்குள்ளே, எங்க தேவாத்தாள் காலைத் தொங்கப் போடுற அளவுக்கு இங்கே ஒரு குழி வரைஞ்சு குடுங்க."