வலது கன்னத்துப் பொட்டு

“அந்த மூணு இடத்தை மட்டும் அப்படியே விட்டுருங்க ஐயா” என்றாள் காளீஸ்வரி.

ஜெயபாண்டிக்குச் சிரிப்பு வந்தது. தப்பைத் திருத்த வேண்டாமென்று சொல்ல, சுந்தரபாண்டியத்திலிருந்து ராஜபாளையத்துக்கு இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் ரசிகையை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய படம். அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே உளவு வேலை பார்க்கும். களவுபோன வரைபடம் கைக்குழந்தையின் தொட்டிலுக்குள் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பங்களா ஒன்றில் எடுத்தார்கள். ஜெயபாண்டி உதவி இயக்குநர்.

அந்தக் குழந்தையின் இடது கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. மூன்று காட்சிகளில் மட்டும் அது வலது கன்னத்துக்குத் தாவிவிடும். இணையத்தில் இன்னும் கேலி செய்கிறார்கள். இப்போது படத்தைப் புதுப்பித்து வெளியிடப்போகிறார்கள். பொட்டைக் கம்ப்யூட்டரில் இடம் மாற்ற, எந்தெந்த இடம் என்று ஜெயபாண்டி அனுப்பும் பட்டியலுக்காகச் சென்னையில் காத்திருக்கிறார்கள்.

“கண்டினியூட்டின்னா என்னன்னு தெரியுமா தாயி? கதவைத் திறக்கிறதைத் திங்கக்கிழமை எடுப்போம். உள்ள வாரதை வியாழக்கிழமை எடுப்போம். படம் பாக்கிறவுகளுக்கு அது ஒரே நிமிஷம். எந்தக் கையில குடை, சட்டையில எத்தனை பட்டன் போட்டிருக்கு, அம்புட்டையும் நோட்டுல எழுதணும். அதான் என் வேலை.”

“பொட்டை எழுதலையாக்கும்?”

“எழுதாம இருப்பேனா? அந்தப் புள்ளையோட அம்மா படுத்துன பாடு. பால் குடுக்கணும்னு தூக்கிட்டுப் போவா. திரும்பி வரும்போது பொட்டு வலப்பக்கம் இருக்கும். அழிச்சு இடப்பக்கம் வைப்பேன். மறுநாளும் அதே கூத்து. கேட்டா வாயத் திறக்க மாட்டா. மூணு தடவை நான் கவனிக்காம விட்டுட்டேன். டைரக்டர் எல்லார் முன்னாலயும் என் நோட்டைக் கிழிச்சுப் போட்டார். அதுக்குப் பொறவு எந்தக் கம்பெனியும் என்னைக் கூப்பிடல.”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“சாகுறதுக்குள்ள அந்தத் தப்பு இல்லாம ஒருதரம் என் படத்தைப் பாத்துரணும். நீ வேண்டாம்ங்கிறியே.”

போனை எடுத்தார். பட்டியல் தயாராக இருந்தது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

“அந்தப் பொம்பளைய இப்பப் பாத்தாலும் கேப்பேன், எதுக்கும்மா இப்படிச் செஞ்சன்னு.”

“போன மாசம் தவறிட்டாக ஐயா.”

விரல் நின்றது. ஜெயபாண்டி நிமிர்ந்தார்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எங்கம்மாதான் அவுக” என்றாள் காளீஸ்வரி. “உங்க மேல தப்பே இல்ல. நாங்க ரெட்டைப் புள்ளைக. அடையாளத்துக்கு எனக்கு இடப்பக்கம், அக்காவுக்கு வலப்பக்கம் பொட்டு வைப்பாக. நான் அழுது அடம்பிடிச்சா, வேலை போயிருமோன்னு பயந்து, யாருக்கும் சொல்லாம அக்காவைக் கொண்டாந்து குடுத்துருக்காக. காது குத்தும்போது போட்டோ எடுக்கலாம்னு இருந்தாகளாம். அதுக்குள்ள அக்கா காய்ச்சல்ல போயிட்டா. நீங்க பொட்டை அழிச்சு வச்ச இடத்துல எல்லாம் அது நானா அவளான்னு எங்கம்மாவுக்கே தெரியல. அந்த மூணு இடத்துல மட்டுந்தான் ஐயா, இது எங்க அக்கான்னு கையைக் காட்டிச் சொல்ல முடியுது.”