தண்ணீர் நின்ற பிறகு

பள்ளியில் மஃரிப் தொழுகை தொடங்கிவிட்டது. வீட்டு முற்றத்துக் குழாயடியில் குந்தியிருக்கும் தன் கணவன் அஸ்வரையே முனவ்வறா பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தொழுகைக்கு முந்திய வுளுவை அவன் இன்னும் முடித்தபாடில்லை. முழங்கை நனைந்ததோ என்ற சந்தேகம் வந்ததும் முதலிலிருந்து கழுவத் தொடங்குகிறான். விரல்களில் தோல் ஊறி வெளுத்து வெடித்திருக்கிறது. “இஞ்சேருங்கோ, இது வஸ்வாஸ், ஓயாத சந்தேக வருத்தம் எண்டு மௌலவியும் சொன்னவர், டொக்டரும் சொன்னவர். அந்தக் குளிசையைப் போடுங்கோவன்.” அவன் திரும்பாமலே சொல்கிறான்: “அல்லாஹ்வில ஈமான் உள்ளவனுக்குக் குளிசை என்னத்துக்கு?” அவள் வீட்டின் பின்னால் போய்த் தண்ணீர்த் தாங்கியின் வால்வை இறுக்கிப் பூட்டுகிறாள். குழாய் இருமி, சொட்டி, ஓய்கிறது. அப்பாடா என்று சுவரில் சாய்கிறாள். மதிலுக்கு மேலே கிடந்த கொஞ்ச வெளிச்சமும் வடிகிறது. திரும்பி வந்து பார்த்தால், அஸ்வர் மணலில் முழந்தாளிட்டிருக்கிறான். தண்ணீர் கிடைக்காதவன் மண்ணைத் தொட்டுத் தடவிக்கொண்டு தொழலாம். மார்க்கம் இரங்கித் தந்த சலுகை அது. உள்ளங்கைகளை மணலில் அடித்து முகத்தைத் தடவுகிறான், கைகளைத் தடவுகிறான். வெடித்த விரல்களில் மணல் ஒட்டுகிறது. எழும்பப் போனவன் தயங்கி, முழங்கையைப் பார்க்கிறான். பிறகு குனிந்து மறுபடியும் மணலில் அடிக்கிறான்.