உம்

எழுத்து நின்றுபோன மாசிலாமணி, எழுதக் கற்றுத்தரும் புத்தகம் ஒன்றை வாங்கினார். தினமும் விடிந்ததும் ஒரு பக்கம் எழுத வேண்டும், எதிரில் ஒரு வாசகர் இருப்பதாக நினைத்து உரக்கப் படிக்க வேண்டும் என்றது அது. எந்த வாசகர் என்று சொல்லவில்லை. அவர் பரிமளத்தின் பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அதில் உட்கார்ந்துதான் மனைவி அவர் கதைகளுக்கு உம் கொட்டுவாள். போன ஐப்பசியில், பாதிக் கதையில் அந்த உம் நின்றது. தூங்கிவிட்டாள் என்று நினைத்து, முழுக்கப் படித்து முடித்த பிறகுதான் அவளைத் தொட்டுப் பார்த்தார்.

சில நாள் நாற்காலி நாற்காலியாகவே இருந்தது. பிறகு ஒரு காலை, அவர் மூச்சு வாங்கிய இடத்தில் "உம்" என்றது. நிமிர்ந்து பார்த்தார்; நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று பேனா நிற்கவில்லை. அதன் பிறகு எந்த நாளும் நிற்கவில்லை.

"யாருகிட்டப்பா பேசிட்டு இருக்கீங்க?" என்று மகள் வெளியிலிருந்து கேட்பாள்.

"எழுதிட்டு இருக்கேம்மா."

இன்று கடைசி வரியையும் படித்துவிட்டு, "அவ்வளவுதான் பரிமளம், கதை முடிஞ்சிருச்சு" என்றார்.

"உம்."

பேனாவை மூடினார். "முடிஞ்சிருச்சு, பரிமளம்."

"உம்."

மாசிலாமணி எதுவும் எழுதாத ஒரு தாளை எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, உரக்கப் படிக்கத் தொடங்கினார்.