ஒரு கை நல்ல தண்ணீர்

ஒப்பனைக்காரர் மூன்றாவது முறையாக அவள் தலையில் மணலைக் கொட்டினார்.

அவள் மூன்றாவது முறையாகச் சீப்பை எடுத்தாள்.

தனுஷ்கோடிக் கடற்கரை. வெயில் இன்னும் ஏறவில்லை. மண்டபம் முகாமிலிருந்து வேனில் அழைத்து வந்த நாற்பது பேர் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். படத்தில் அவர்கள் அகதிகள். முகாமிலும் அகதிகள்தான். ஆனாலும் அவர்களை அகதியாக்க ஒப்பனைக்காரர்கள் இரண்டு பேர் விடியற்காலையிலிருந்து பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். சினிமாவில் அகதி பாதி, அழுக்கு பாதி.

முகத்தில் கரி பூசினார்கள். பொறுத்துக்கொண்டாள். சேலையைக் கிழித்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டாள். தலையில் கைவைத்தபோதுதான் பொறுமை போய்விட்டது.

இயக்குநர் வந்தார்.

நல்ல மனிதர். இந்தக் கதையை எழுதும்போது அழுதாராம். அழுததைப் பேட்டிகளில் சொல்லியும் இருக்கிறார். அவர் கதையில், படகுக்காரன் ஒரு கூட்டத்தை நடுக்கடல் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறான். விடிகிறது. ஒரு தாய் தலைவிரி கோலமாக வானத்தைப் பார்த்துக் கதறுகிறாள்.

"அம்மா, கொஞ்சம் அகதி மாதிரி இருக்கணும்மா."

"நாங்கள் அகதிதான் ஐயா."

பின்னால் உட்கார்ந்திருந்த முகாம்காரி யோகராணி சிரித்துவிட்டாள். எங்கே சிரிப்பது என்று அவளுக்கு எப்போதும் தெரியாது.

இயக்குநர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். படம் பார்க்கிறவர்களுக்கு மனம் இளக வேண்டும். சீவி முடிந்த தலையைப் பார்த்து யாருக்கு இளகும்?

சீப்பைப் பிடித்திருந்தவளும் அப்படியொரு திட்டில் இறக்கிவிடப்பட்டவள்தான்.

அப்போது ஒன்பது வயது. மொத்தம் பத்தொன்பது பேர். சுற்றிலும் கடல். குடிக்க ஒரே ஒரு கேன் நல்ல தண்ணீர். விடிந்ததும் அம்மா அதிலிருந்து ஒரு கை எடுத்துச் சீப்பை நனைத்தாள்.

கூட வந்த கந்தையா மாமா கத்தினார்.

"பிள்ளையள் குடிக்கத் தண்ணியில்லை. உனக்குத் தலை சீவக் கேக்குதோ?"

அம்மா மகளை மணலில் இருத்தினாள். அவள் காதில் மட்டும் ஏதோ சொன்னாள். நடு வகிடு எடுத்து இரட்டைப் பின்னல் போட்டாள். தனக்கும் சீவி முடிந்துகொண்டாள்.



பிறகு பக்கத்து வீட்டு அக்கா கையை நீட்டினாள். அவளிடமிருந்து அவள் தங்கை வாங்கினாள். சீப்பு பத்தொன்பது தலைகளையும் சுற்றி வந்தது. கடைசியாக வாங்கியவர் கந்தையா மாமா. சீவ அவருக்கு நாலு முடிதான் இருந்தது. அதையும் சீவினார்.

மத்தியானம் அவர்களை ஏற்றிப்போக வந்த ராமேஸ்வரத்து மீனவர், தூரத்திலேயே படகை நிறுத்தினார்.

"என்ன, எல்லாரும் கல்யாணத்துக்கா கெளம்பிட்டீக?"

அம்மா இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. முப்பத்து மூன்று வருடம் முகாமில் இருந்தாள். பெயர் கூப்பிட்டு ஆள் சரிபார்க்கும் நாட்களில், ஒருநாள்கூடத் தலை சீவாமல் அதிகாரி முன்னால் போய் நின்றதில்லை.

அவளைத்தான் தலைவிரி கோலமாகத் திரையில் நிறுத்தப்போகிறார்கள். கதையில் பெயர் வேறாக இருக்கலாம். இவள் கண்ணுக்கு அது அம்மாதான். ஊர் உலகம் எல்லாம் பார்க்கும். பார்த்தவர்களுக்கு இனி அதுதான் அம்மா.

அதற்கு இவள் விடமாட்டாள்.

எல்லாவற்றையும் இயக்குநரிடம் சொன்னாள். அழவில்லை. குரலைத் தாழ்த்தவும் இல்லை. அம்மா காதில் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

நாலடி தள்ளி நாற்காலியில் கதாநாயகி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படத்தில் அந்தத் தாயாக நடிப்பவள் அவள்தான். காது திறந்துதான் இருந்தது.

"அந்தச் சீப்பா இது?" இயக்குநர் ஆசையாகக் கேட்டார்.

இல்லை. போன வாரம் முகாம் கடையில் வாங்கியது. கதைகளில்தான் அதே சீப்பு கடைசிவரை இருக்கும்.

அவர் முகம் வாடிவிட்டது.

"படத்துக்கு இது சரிவராதும்மா."

குடைக்கடியில் போய் உட்கார்ந்தார்.

எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். அவள் சீப்பை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே ஒளிக்கவில்லை.

"ஆக்‌ஷன்!"

கதாநாயகி எழுந்தாள். இரண்டு மணி நேரம் உழைத்துக் கலைத்துவிட்ட தலை காற்றில் பறந்தது. அவள் வானத்தைப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. கதற வேண்டும். கதறவில்லை. உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டி வந்தாள். சீப்பு வைத்திருந்தவளுக்கு முன்னால் முதுகு காட்டி மணலில் உட்கார்ந்தாள்.

காட்சிக்கென்று வைத்திருந்த தண்ணீர் கேன் பக்கத்தில் கிடந்தது. அதன் மூடியைத் திறந்து பின்பக்கம் நகர்த்தினாள்.

ஒளிப்பதிவாளர் இயக்குநரைப் பார்த்தார். நிறுத்தச் சொல்ல இயக்குநர் கையைத் தூக்கியிருந்தார். தூக்கிய கை இறங்கவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

சீப்பு வைத்திருந்தவள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. உள்ளங்கையைக் குழித்து ஒரு கை தண்ணீர் எடுத்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. சீப்பை நனைத்தாள். வகிட்டை நெற்றிக்கு நேரே பிடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் காதருகே குனிந்தாள்.

"அசையாதை பிள்ளை. முதன்முதலா ஒரு ஊருக்குப் போறம்."