பதினோரு பார்சல்கள்

வாங்க வந்த பெண் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கடவுச்சொல்லைக் கேட்டாள்.

மனைவி எழுதித் தந்திருந்த சீட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். உள்ளறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

விற்பது மனைவியின் இணையக் கடையை. துணிப்பைக் கடை. மூன்று வருடத்தில் பதினோரு ஆர்டர்கள். மற்ற கடைகளில் ஈயாவது ஓட்டலாம், இதில் அதற்கும் வழியில்லை என்று கேலி செய்வேன்.

பதினோரு பார்சலையும் கூரியர் அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். பதினொன்றும் தொலைவில் ஏதோ ஓர் ஊருக்கு, ஒரே ஆளுக்கு. ஒரு மனுஷனுக்கு எத்தனை பைதான் வேண்டும்? போன வருடம் சம்பந்தமே இல்லாமல் ஒரு குழந்தைத் தொப்பியைக் கடையில் போட்டாள். அதையும் அவனே வாங்கினான். உனக்கென்று ஒரு பைத்தியக்காரன் வாய்த்திருக்கிறான், நன்றாக இருக்கட்டும் என்பேன். மனைவி தலை நிமிராமல் பார்சலை ஒட்டுவாள்.

தளத்துக்கு வருடச் சந்தா கட்டும் மாதம் வந்தது. போதும், விற்றுவிடலாம் என்றேன். உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

மூன்று நாளாக அதை விட்டு எழவில்லை. கடையே போகப் போகிறது, யாருக்குத் தைக்கிறாள் என்று நானும் கேட்கவில்லை.

நான் நில அளவையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். கோடு போட்டால் போட்டதுதான். மகள் எங்களிடம் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன அன்று வீட்டிலும் ஒன்று போட்டேன். இங்கிருந்து அவளுக்கு ஒரு போன் போகக் கூடாது. ஒரு கடிதம் போகக் கூடாது.

போகவில்லை. மனைவி அப்படிக் கட்டுப்பட்டதில் எனக்குப் பெருமைகூட உண்டு.

அடுத்த மாதமே இந்தக் கடையை ஆரம்பித்தாள். அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இது மேல் என்று விட்டுவிட்டேன்.

வாங்க வந்த பெண் படங்களைப் பார்த்துத் தையலைப் பாராட்டினாள். பிறகு ஒவ்வொரு பைக்கும் கீழே இருந்த விவரத்தை வாசித்தாள். நான் அதைப் படித்ததே இல்லை. விலையோடு நிறுத்திக்கொள்வேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. டைப் அடிக்கும்போது எதுவோ கலந்துவிட்டது போல என்று எனக்கும் வாசித்துக் காட்டினாள்.

‘நீலப் பை. உள்ளே இரண்டு அறைகள் உண்டு. அப்பா இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். ஜிப் உறுதியானது.’

‘மடிப்புப் பை. அப்பாவுக்குச் சர்க்கரை ஏறி, இப்போது இறங்கிவிட்டது. பயப்பட வேண்டாம். கையால் துவைக்கவும்.’

‘சிவப்புத் தோள்பை. உன் கட்டிலை எடுக்கவில்லை. சாயம் போகாது.’

அதற்குமேல் அவள் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவசரமாக ஆர்டர் பட்டியலுக்குப் போனாள்.

அங்கே வாங்குபவர்கள் ஏதாவது சொல்ல விரும்பினால் எழுத ஒரு கட்டம் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானே படித்தேன்.

‘பை வந்துச்சு. நம்ம வீட்டு வாசனை அப்படியே இருக்கு.’

‘வேலை கிடைச்சிடுச்சு. அடுத்தது பெரிய பையா போடுங்க.’

‘வாந்தி நின்னுடுச்சு. இனிமே சின்னதா ஏதாவது தைங்க.’

மேலே இருந்த பெயரை மறுபடியும் பார்த்தேன். அந்தப் பையன் பெயரை என் காதில் போடக் கூடாது என்றும் அன்று சொல்லியிருந்தேன். யாரும் போடவில்லை. அதனால் மருமகன் பெயர் எழுதிய பார்சலைப் பதினோரு முறை சுமந்திருக்கிறேன். அவன் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தியும் இருக்கிறேன்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வெட்கமாக இருந்தது.

கடைசி ஆர்டர் ஒரு சுருக்குப் பை. அதன் கட்டத்தில் ஒரே வரி.

‘தொப்பி சரியா இருக்கு. பாப்பாவுக்கு மூக்கு அப்படியே நம்ம அப்பா மூக்கு.’

மகள் சின்ன வயதில் என் மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் தூங்கமாட்டாள்.

வாங்க வந்த பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சார், நான் வாங்கினா இதெல்லாம் அழிஞ்சிடும். அம்மாவுக்குத் தெரியுமா?”

மெஷின் சத்தம் நின்றிருந்தது. எழுந்து உள்ளறைக்குப் போனேன்.

அது மகளின் அறை. மனைவி மெஷின்மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், எடுக்கப்படாத அந்தக் கட்டிலில், மூன்று நாளாகத் தைத்தவை வரிசையாக இருந்தன.

தொப்பிகள். முதலாவது என் விரித்த கை அளவு. அடுத்தது அதைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். கடைசித் தொப்பியைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை போட்டுக்கொள்ளலாம்.

கடை போவதற்குள் ஒரே பார்சலாக அனுப்பிவிடப் பார்த்திருக்கிறாள்.

வேலையில் இருந்தபோது ஆட்களிடம் சொன்ன மாதிரியே சொல்லத்தான் எனக்கு வந்தது.

“அளவெடுக்காம இத்தனை தைக்கிறியே. வரச் சொல்லி எழுது.”

அவள் மெஷின்மேலிருந்து கைகளை எடுத்தாள். பிறகு, எந்தப் பைக்குக் கீழே எழுதட்டும் என்று கேட்டாள்.