எட்டாம் நம்பருக்கு வக்கீல்கள்

சீசனின் இரண்டாவது மேட்சிலேயே கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணி திக்கித் திணறித்தான் ஜெயித்திருந்தது. மேட்ச் பார்த்துவிட்டு ரசிகர்கள் ஊர் திரும்பும் பஸ் முழுக்க அதே பேச்சு.

"அந்த எட்டாம் நம்பர் பொண்ணைப் பெஞ்சுல உட்கார வெச்சிருக்கணும். ஃப்ரீ த்ரோ ஒண்ணாவது விழுந்துதா?" என்று வம்பை ஆரம்பித்தார் தையல்காரர்.

முன்சீட்டு நர்ஸ் வெடுக்கென்று திரும்பினாள். "முதல் பாதியில டீமே தூங்கிட்டு இருந்துச்சு. ஓடி ஓடிப் பந்தைப் பறிச்சது அவ ஒருத்திதான்!"

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா, பஸ் இரைச்சல்ல கேக்கல" என்றார் தையல்காரர்.

"அவ இல்லேன்னா மண்ணைக் கவ்வியிருப்போம்னு சொல்றேன்!"

"பறிச்சா போதுமா? கூடையில போட வேணாமா?" தையல்காரர் விடுவதாக இல்லை.

பக்கத்திலிருந்த மருந்துக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "அட போங்க சார்! கடைசி நிமிஷத்துல பந்தைத் தான் போடாம, பக்கத்துல நின்னவளுக்குக் கொடுத்தாளே, அதுலதான் ஜெயிச்சோம். அதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்! உங்களுக்கு விளையாட்டும் தெரியல, மனுஷங்களையும் தெரியல."

பஸ்ஸே கைதட்டியது. அத்தனை திட்டு வாங்கியும் தையல்காரர் முகமெல்லாம் பல்லாக இறங்கினார். பஸ் நகர்ந்ததும், சட்டைப் பையில் அதுவரை இணைப்பிலேயே இருந்த போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"கேட்டியா கண்ணு? 'நீ அப்பா, அப்படித்தான் சொல்லுவே'ன்னு அழுதியே, இப்போ ஊரே சொல்லுது. டீமை விட்டு விலகறேன்னு இனிமே பேசுவியா?"

மறுமுனையில், ஹாஸ்டலில், மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது; பிறகு சிரிப்பு.

"அதுக்காக என்னைப் பெஞ்சுல உட்கார வெக்கச் சொல்றதாப்பா?"