பாலம் வரைக்கும்

"மூணு தடவை சொன்னேன், தெர்மோஸ்டாட்டை மாத்திடலாம்னு. தண்ணி ஊத்திக் குடுத்தா போதும்னீங்க. இப்ப என்ன சார் திடீர்னு?" என்று கேட்டார் மெக்கானிக்.

"வீட்டுக்காரி இன்னிக்கு அவ அம்மா வீட்டுக்குக் கிளம்புறா. தனியா ஓட்டிட்டுப் போறா. வண்டி வழியில நிக்கக் கூடாது" என்றார் கார்க்காரர்.

மெக்கானிக் பழையதைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் காட்டினார்.

"இவ்வளவு சூட்டுக்கும் வாயைத் திறக்குதா பாருங்க. இது திறந்தாத்தானே தண்ணி ஓடி இன்ஜின் ஆறும்? சரியான அழுத்தக்காரன்!"

கார்க்காரர் சிரிக்கவில்லை. புதியதை மாட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். நான்கு டயரிலும் காற்றுப் பார்க்கச் சொன்னார். ஸ்டெப்னியையும் விடவில்லை.

"உங்களை மாதிரிப் புருஷன் கிடைக்க அவங்க குடுத்து வச்சிருக்கணும் சார். எப்பத் திரும்பி வராங்க?"

"வர மாட்டா."

மெக்கானிக்கின் கை நின்றது.

"முன்னாடியும் மூணு தடவை, நான் வேண்டாம்னுதான் கிளம்பினா. மூணு தடவையும் பாலத்துக்கிட்ட வண்டி சூடாகி நின்னுடுச்சு. வேற வழியில்லாம எனக்குத்தான் போன் பண்ணினா. போய்க் கூட்டிட்டு வந்தேன். அதனாலதான் இதை மாத்தவே விடலை."

"அப்புறம் ஏன் சார் இப்ப?"

அவர் வெந்நீரிலேயே கிடந்த பழைய தெர்மோஸ்டாட்டைக் கையில் எடுத்தார். இன்னும் சுட்டது. கீழே வைக்கவில்லை.

"போன தடவை வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்தா. 'இந்த வண்டிகூட உங்க பக்கம்தானா?'ன்னு கேட்டா."